மூட்டைக்குப் பின்னால் ஒரு போன்

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலத்தில் மளிகைக் கடை. மகன் ஐந்தாம் வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிப்பான். ஆனால் பரீட்சையில் கணக்குதான் காலை வாருகிறது. போன வாரம் 402-இல் 178-ஐக் கழித்து 376 என்று எழுதியிருக்கிறான். பள்ளி விட்டதும் கடைக்கு வந்துவிடுவான். யாவாரத்துக்கு இடைஞ்சல் வேண்டாமென்று போனைக் கொடுத்து மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைப்போம். கல்லாப் பக்கம் வந்தால் படிப்பில் புத்தி போகாது என்பார் மாமனார். அபாகஸ் வகுப்பில் சேர்க்கட்டுமா?

பதில்: போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை, அம்மா. ஐந்தாம் வகுப்பில் கழித்தல் இப்படி இருந்தால் ஆறாம் வகுப்பில் பின்னமும் தசமமும் சேர்ந்து அமுக்கும்.

உங்கள் கடிதத்தில் அபாகஸ் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூட்டைக்குப் பின்னால் இருக்கிற அந்தப் போன்தான் உறுத்துகிறது. விடிந்தால் அடைந்தால் கூட்டலும் கழித்தலும் நடக்கிற இடம் உங்கள் கடை. அங்கே கணக்கு வராத பிள்ளையைக் கூட்டி வந்து, கணக்கு கண்ணில் படாத மூலையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது வேறு எப்படி இருக்கும்?

அந்த 376-ஐப் பாருங்கள். கவனக் குறைவில் வந்த தப்பு இல்லை அது. 2-இல் 8 போகாது, ஆகவே 8-இல் 2-ஐக் கழித்து 6. பூஜ்யத்தில் 7 போகாது, ஆகவே 7. நாலில் ஒன்று போனால் 3. ஒவ்வொரு இடத்திலும் பெரியதில் சிறியதைக் கழித்திருக்கிறான். 402 என்பது அவனுக்கு ஒரு தொகையாகத் தெரியவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மூன்று எழுத்தாகத் தெரிகிறது. 'கடன் வாங்கு' என்று பத்துத் தடவை சொன்னாலும் ஏறாது. பூஜ்யத்திடம் என்ன கடன் வாங்குவது?

கல்லாவைத் திறங்கள். நாலு நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒற்றை ரூபாய். 402. இதில் 178 எடுத்துக் கொடு என்று சொல்லுங்கள். எட்டு ஒற்றை ரூபாய் இல்லை, பத்து ரூபாய்த் தாளும் இல்லை. ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்தாக அவனே எடுக்கட்டும். அதில் ஒரு பத்தை மாற்றினால் பத்து ஒற்றை ரூபாய். இப்போது அவன் முன்னால் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை. அதில் 178 எடுத்தால் மிச்சம் 224. அதே கையோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பூஜ்யத்தின் தலையில் 9 ஏன் வந்தது என்று அவனே சொல்ல வேண்டும். ஒரு வாரம், தினம் நாலு கணக்கு, எல்லாம் நடுவில் பூஜ்யம் உள்ளவை: 503, 706, 1,004.

சாயங்காலம் அரை மணி நேரம் போதும். அவனை வேலைக்கு வைக்கச் சொல்லவில்லை. நாலைந்து சாமான் வாங்குகிறவர் சிட்டையை அவனிடம் கொடுங்கள். 56, 38, 112, 95. கூட்டுவதற்கு முன்னால் 'எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். முந்நூறைச் சுற்றி என்று சொல்ல வர வேண்டும். பிறகு கூட்டினால் 301. உத்தேசம் சொல்லிப் பழகிய பிள்ளை 211 என்று வந்தால் தானே திரும்பிப் பார்ப்பான். 618-ஐ 6-ஆல் வகுத்து 13 என்று எழுதவும் மாட்டான், 600-ஐ வகுத்தாலே நூறு வருமே. ஐந்நூறு ரூபாய்க்கு மிச்சம் கேட்டால் ஏறுமுகமாக எண்ணட்டும்: 301-க்கு மேல் 9 போட்டால் 310, 90 போட்டால் 400, இன்னொரு நூறு. 199. இப்போது பாதிப் பேர் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ரொக்கம் கொடுக்கிறவர் வந்தால் விட்டுவிடாதீர்கள். அவன் திணறும்போது 'நகரு' என்று கையிலிருந்து பிடுங்காதீர்கள், வாங்க வந்தவர் முன்னால் திட்டவும் வேண்டாம். பாதிப் பிள்ளைகள் கணக்கை வெறுப்பது அப்படித்தான்.

தராசு இருக்கிறதே. 0.350 பெரிதா, 0.5 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். 350 தான் பெரிது என்பான். அரைக் கிலோ பருப்பை வைத்துக் காட்டுங்கள், 0.500 என்று எரியும். பருப்பு கிலோ 160 என்றால் கால் கிலோ 40, நூறு கிராம் 16, ஆக 350 கிராம் 56. பேனா எடுக்காமல் சொல்ல வேண்டும். காலும் காலும் எவ்வளவு என்றால் நோட்டில் 2/8 என்று எழுதுகிற பிள்ளை, தராசில் இரண்டு கால் கிலோ பொட்டலம் வைத்தால் அரை என்றுதான் சொல்வான். 2/8 என்றால் வெறும் 250 கிராம் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

வாய்ப்பாட்டுப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் பதினாறாம் வாய்ப்பாடு அன்றாடம் வேண்டியிருந்தது. 1957-இல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்ததோடு அந்த அவசரம் போயிற்று. பத்து வரை உறுதியாக இருந்தால் போதும், ஆனால் 7×8 கேட்டால் ஏழொன்னு ஏழிலிருந்து பாட்டாக ஆரம்பிக்கக் கூடாது. ஏழுநாலு 28, அதன் இரட்டிப்பு 56. 12×35 என்றால் 350-உம் 70-உம். எண்ணைப் பிரித்துச் சேர்க்கத் தெரிவதுதான் நாலு, ஐந்தாம் வகுப்பின் சரக்கு.

அபாகஸ் மனக்கணக்கில் வேகம் தரலாம். எங்கே கூட்ட வேண்டும், எங்கே கழிக்க வேண்டும் என்பதை அது சொல்லித் தராது. இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதம் இதைச் செய்தும் 402 தப்பாகவே வந்தால், அவன் எழுதிய தாள்களோடு வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

மாமனாருக்கு ஒரு வார்த்தை. ஐயா, கல்லாவில் உட்கார்ந்து புத்தி கெட்டுப்போவதாக இருந்தால் முதலில் கெட்டிருக்க வேண்டியது உங்கள் புத்தி. பேரனுக்குச் சோறும் பள்ளிக் கட்டணமும் அந்தக் கல்லாவிலிருந்துதான் வருகிறது. அதை அவனிடம் மறைத்து வைப்பது எந்த ஊர் நியாயம்? கால், அரைக்கால், பதினாறில் ஒரு பங்கான மாகாணி எல்லாம் உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும். அரைக்கால் கிலோ 125 கிராம் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டிய கடமை உங்களுடையது. நாளைக்கு ஆறு மணிக்குப் போனை வாங்கிக் கல்லாவுக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள்.