பாங்காக்கில் நான்கு இரவுகள்: பட்டாயாவை விடுங்கள், குத்துச்சண்டைக்குச் சீட்டு வாங்குங்கள்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. என் பள்ளித் தோழன் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் இருக்கிறான். பொங்கல் வியாபாரம் ஓய்ந்தவுடன் இருவரும் முதன்முறையாக வெளிநாடு போக நினைக்கிறோம். பாங்காக்கில் இரண்டு இரவு, பட்டாயாவில் இரண்டு இரவு என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். நண்பனின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா? அவன் தாத்தா ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர் என்பதால் தாய் குத்துச்சண்டையைப் பார்க்க ஆசைப்படுகிறான். வேறு எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: முதலில் முத்திரையை முடித்துவிடுவோம். சென்னையில் ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகும் சாலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் அது, வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகிறவர் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் தாய்லாந்தும் மலேசியாவும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் தாம் சுற்றுலாவுக்குத்தான் போகிறோம் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு பயணியுடையது. உங்கள் நண்பர் பத்தாம் வகுப்பு தேறியவர் என்றால், சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.

முத்திரை நீங்கினாலும் சென்னை விமான நிலையத்தின் குடியேற்றப் பிரிவில் நான்கு கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடிக்குப் பயன்படுத்தப்பட்டது 2022இல் வெளியே வந்தது. அதிலிருந்து பாங்காக் போகும் இளைஞர்களை, குறிப்பாக முதல் பயணம் போகிறவர்களை, அதிகாரிகள் கூர்ந்து விசாரிக்கிறார்கள். அது உங்களைச் சந்தேகிப்பதாகாது, உங்களைக் காப்பதற்கே. திரும்பி வரும் டிக்கெட், நான்கு இரவுக்கும் விடுதி முன்பதிவு, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், கையில் உள்ள பணத்துக்குச் சான்று ஆகியவற்றைத் தாளாகவே அச்செடுத்து இருவரும் தனித்தனியாக வைத்திருங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் இருவரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். வாசலில் நின்றுகொண்டு, "அவன்தான் சார் எல்லாம் புக் பண்ணான்" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிய இளைஞர்கள் அரைமணி நேரம் உட்கார வைக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

தாய்லாந்தில் இந்தியர்களுக்கு விசா விலக்கு 2023 நவம்பரில் தொடங்கியது. இது அந்நாட்டு அரசு அவ்வப்போது மாற்றக்கூடிய சலுகை என்பதால், டிக்கெட் போடும் அன்றே சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக்காலம் இருக்கட்டும். 2025 மே மாதத்திலிருந்து, இறங்குவதற்கு முன் மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அன்று.

இனி பேக்கேஜ். இரண்டும் இரண்டும் என்று பிரித்தால், சுமார் 150 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பட்டாயாவுக்குப் போக ஒரு அரைநாள், வர ஒரு அரைநாள் சாலையிலேயே கழிந்துவிடும். கடலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இன்னொரு கடற்கரைக்காக அவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. அங்கே ஜெட் ஸ்கீயை வாடகைக்கு எடுத்தவரிடம், ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டிப் பணம் பறிக்கும் பழைய தந்திரமும் உண்டு. நான்கு இரவும் பாங்காக்கிலேயே தங்கி, காலையில் ஒரு பெரிய இடம், வெயில் நேரத்தில் ஓய்வு, மாலையில் ஒரு நிகழ்ச்சி என்று நாளை அமைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வெப்பமும் மழையும் குறைந்த காலம். தை மாதம் நல்ல தேர்வு.

குத்துச்சண்டையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற நாள்களை அதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும். பழைய நகரத்தில் 1945இல் திறக்கப்பட்ட ராஜதம்னன் அரங்கம்தான் உங்களுக்கு வசதி. அதற்கு இணையான புகழுள்ள லும்பினி அரங்கம் நகரின் வடபுறத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மாலையில் தொடங்கும் நிகழ்ச்சியில் பல சண்டைகள் நடக்கும். மரபான ஆட்டம் மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து, இடையே இரண்டு நிமிட ஓய்வு. முஷ்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் என எட்டு உறுப்புகளும் ஆயுதம். சண்டைக்கு முன் வீரர் தலையில் மோங்கோன் என்னும் வளையத்தோடு களத்தைச் சுற்றி, குருவுக்கு வணக்கம் செலுத்தி மெதுவாக ஆடுவார். குழலும் மேளமும் உடன் ஒலிக்கும். சிலம்பத்தில் களமிறங்குபவர் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

வடசென்னையின் ஆங்கிலக் குத்துச்சண்டை மரபில் வளர்ந்த குடும்பத்திலிருந்து வருகிற உங்கள் நண்பருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சுற்றுகள் மந்தமாகத் தெரியும், ஏமாற வேண்டாம். மரபான மதிப்பீட்டில் மூன்றாம், நான்காம் சுற்றுகளே தீர்ப்பை முடிவு செய்யும், மேலும் எதிரியின் நிலையைக் குலைக்கும் உதைக்கும் முழங்கால் தாக்குக்கும் கிடைக்கும் மதிப்பு சாதாரணக் குத்துக்குக் கிடைக்காது. கைவேகம் உள்ளவர் தோற்றுவிட்டார் என்று அறிவிக்கும்போது தாத்தாவின் பேரன் எழுந்து கத்தக்கூடும். மேடையை ஒட்டிய விலை உயர்ந்த இருக்கை அவசியமில்லை. சற்று உயரமான நடு வரிசையில் கால்கள் நன்றாகத் தெரியும். சுற்றிலும் சைகையாலேயே பந்தயம் நடக்கும், அதில் தலையிடாதீர்கள். அரச கீதம் ஒலித்தால் எழுந்து நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றிய கேலிக்கு அங்கே சிறைத்தண்டனை உண்டு.

முதல் காலை கிராண்ட் பேலஸ் என்னும் அரச மாளிகை வளாகத்துக்கு. தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா 1782இல் கட்டத் தொடங்கிய இந்த வளாகம் 8.30க்குத் திறக்கிறது, நுழைவு 3.30 வரை, கட்டணம் 500 பாத்து (தாய்லாந்துப் பணம்). அரைக்கால்சட்டை, கையில்லாத பனியன் அணிந்தவரை உள்ளே விடமாட்டார்கள். வளாகத்துக்குள் உள்ள கோயிலில் மரகத புத்தரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். உண்மையில் அது சுமார் 66 சென்டிமீட்டர் உயரமுள்ள பச்சைக்கல் சிலை, தொலைவிலிருந்துதான் தெரியும். நான் அதைவிட அதிக நேரம் நிற்கச் சொல்வது கோயிலைச் சுற்றிய நடைக்கூடத்தில். அங்கே தாய்லாந்து இராமாயணமான ராமகியன் 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. அதில் அனுமன் பிரம்மச்சாரி அல்லன், கடற்கன்னியைக் காதலிக்கிறான். உங்கள் நுழைவுச் சீட்டிலேயே, வார நாள்களில் சாலா சாலெர்ம்க்ருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாடகத்துக்கும் அனுமதி உண்டு. சுவரில் பார்த்த கதை சிறிது நேரத்தில் மேடையில் ஆடப்படும். பலர் இதை அறியாமல் சீட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வாசலுக்கு வெளியே நல்ல உடையணிந்த ஒருவர், "இன்று மாளிகை மூடியிருக்கிறது" என்பார். மூடியிருக்காது. அவர் ஏற்றிவிடும் மலிவான டுக்டுக் ஒரு நவரத்தினக் கடையில்தான் போய் நிற்கும்.

அருகிலுள்ள வாட் ஃபோ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தர். அங்கிருந்து சில பாத்துக்குப் படகேறினால் எதிர்க்கரையில் வாட் அருண். இவை எல்லோரும் சொல்வதுதான். தமிழர் பார்க்க வேண்டிய இடம் சற்று உள்ளே, நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் நிற்கும் சிவப்பு மர ஊஞ்சல் தூண்கள். 1784இல் நிறுவப்பட்டது; பிராமணர் சடங்கில் அந்த ஊஞ்சலில் உயரப் பறந்து ஆடும் வழக்கம் 1935 வரை இருந்தது. அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய் திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் கடல் கடந்து அப்படித் திரிந்திருக்கின்றன. ஊஞ்சல் நின்றுபோனாலும், மார்கழி, தை ஒட்டிய நாள்களில் பக்கத்துத் தேவஸ்தான் கோயிலில் அந்தச் சடங்கு இன்னும் நடக்கிறது. தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் சீலோம் சாலையில் இருக்கிறது. நேரம் இருந்தால் ஒரு கும்பிடு.

ஒரு நாளை அயுத்தயாவுக்கு ஒதுக்குங்கள். அயோத்தியின் பெயர் கொண்ட பழைய தலைநகரம், வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். 1767இல் பர்மியப் படை அழித்தது. மூன்றாம் வகுப்பு ரயிலில் மிகக் குறைந்த கட்டணத்தில் போகலாம். வாட் மஹாதாட்டில் அரசமர வேர்களுக்கு நடுவே சிக்கிய புத்தர் தலை இருக்கிறது. அதன்முன் படம் எடுக்கும்போது உங்கள் தலை அதைவிட உயரமாக இருக்கக் கூடாது, குனிந்துதான் எடுக்க வேண்டும்.

சனி அல்லது ஞாயிறு உங்கள் பயணத்தில் வந்தால் சதுசக் வாரச் சந்தை. ஆனால் துணிக்கடைக்காரருக்கு நான் பரிந்துரைப்பது பாஹுரத்தும் அதை ஒட்டிய சம்பெங் சந்தும்தான்: தோளோடு தோள் உரசும் மொத்த வியாபாரத் தெரு, எம்.சி. ரோட்டின் தீபாவளி வாரத்தை நினைவூட்டும். அங்கிருந்து நடந்தால் யாவராட் சீனத் தெரு, மாலையில் நடைபாதை முழுக்க அடுப்புகள். திங்கள்கிழமை பல கடைகள் இருக்காது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள் கௌ சோய் என்னும் தேங்காய்ப்பால் நூடுல்ஸைத் தேடிப் பாருங்கள். பர்மா வழியாக இரண்டும் உறவு. பன்றிக்கறி வேண்டாம் என்றால் "மை ஸை மூ" என்று சொல்லுங்கள். "கை" என்றால் அங்கே கோழி.

பணத்தை, ஒரு பாத்துக்கு மூன்று ரூபாய் என்று கணக்கிட்டுக்கொண்டால் கை கடிக்காது. அங்குள்ள ஏ.டி.எம்.களில் நம் அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் பிடிப்பார்கள், ஆகவே அடிக்கடி எடுக்காதீர்கள். டிக்கெட் போடும்போது சுவர்ணபூமியா டான் முவாங்கா என்று விமான நிலையத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நகரின் வெவ்வேறு மூலைகள். சென்னையில் உங்களுக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையம் வரை மாறாமல் செல்லும் மெட்ரோ இருக்கிறது, ஆனால் நள்ளிரவுக்குப் பிந்தைய விமானம் என்றால் இரவு கடைசி வண்டிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

திரும்பும்போது ஒரு விஷயம். பர்மா பஜாரை அறிந்த உங்களுக்கு, பிறர் சரக்கைத் தன் பெட்டியில் சுமந்து வருபவரைக் குறிக்கும் "குருவி" என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் உயர்ரகக் கஞ்சாவையும் அரிய விலங்குகளையும் சென்னைச் சுங்கத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. விடுதியில் பழகிய தமிழர் ஒருவர், "அம்மாவுக்கு மருந்து, சென்னையில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால், எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், வாங்காதீர்கள். உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.