கண்ணாடிக்குள் எழுதும் லேசர்

கேள்வி: பரிசுப்பொருள் கடைகளில் கண்ணாடிக் கட்டிக்குள் உருவம் பொறித்து விற்கிறார்கள். மேற்பரப்பில் கீறல்கூட விழாமல் உள்ளே மட்டும் எப்படிப் பொறிக்கிறார்கள்? ஒளியியல் கருவிகளையும் இப்படித்தான் செய்கிறார்களா?

பதில்: இரண்டிலும் லேசர் ஒளியைக் கண்ணாடிக்குள் குவிக்கிறார்கள், ஆனால் விளைவு வேறு. பரிசுக் கட்டியில் வெண்மையாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும், நானோ விநாடிக் (விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் நீடிக்கும் லேசர்த் துடிப்பு உண்டாக்கிய நுண்ணிய விரிசல். விரிசல் ஒளியைச் சிதறடிக்கும்; ஒளியியல் கருவிகளில் தேவைப்படுவதுபோல் ஒளியை வழிநடத்த அது உதவாது. அதற்கு ஃபெம்டோ விநாடி (நானோ விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) லேசர் வேண்டும். அதன் ஒரு துடிப்பு நீடிக்கும் 100 ஃபெம்டோ விநாடியில் ஒளி வெறும் 30 மைக்ரோமீட்டர்தான் நகரும்.

800 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தூய சிலிக்கா கண்ணாடி உறிஞ்சுவதில்லை. அதிலுள்ள எலக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ ஆறு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒருசேர வந்து சேர வேண்டும். ஒளிச்செறிவு பாதியாகக் குறைந்தாலே அதற்கான வாய்ப்பு 64இல் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. அதனால்தான் குவியப் புள்ளியில் மட்டும் மாற்றம் நிகழ்கிறது. கற்றை கடந்து வரும் மேற்பரப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. எலக்ட்ரான்கள் பெற்ற ஆற்றல் அணுக்களைச் சென்றடைவதற்குள் துடிப்பே முடிந்துவிடுவதால், அளவான ஆற்றலில் கண்ணாடி விரிசல் விடாமல், அந்த இடத்தின் ஒளிவிலகல் எண் (பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் அளவு) மட்டும் ஆயிரத்தில் சில பங்கு கூடுகிறது. அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடே ஒளியைச் சிறைப்படுத்தப் போதும் என்பதுதான் இத்துறையின் அழகு.

கண்ணாடியை மெல்ல நகர்த்தினால் அப்புள்ளிகள் கோடாகி, ஒளி செல்லும் பாதையாகின்றன. ஜப்பானின் கியோட்டோவில் கசுயுகி ஹிராவோவின் குழு இதை 1996இல் செய்து காட்டியது. சிலிக்கான் சில்லுகளில் பாதைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் கிடக்க, இங்கே அவை மேலும் கீழுமாக வளைந்து ஒன்றையொன்று தொடாமலே கடக்கலாம்.

ஆற்றலைச் சற்றுக் கூட்டினால், ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமான அடுக்குகள் தாமாகவே உருவாகின்றன. ஒளி அதிரும் திசையைத் திருப்பினால் அடுக்குகளின் திசையும் திரும்பும். அந்தத் திசையிலேயே தகவலைப் பதிக்கலாம். 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், 75 மில்லிமீட்டர் பக்கமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கண்ணாடித் தகட்டில் ஒரு முழுநீளத் திரைப்படத்தையே இவ்வாறு சேமித்துக் காட்டியது. புள்ளி புள்ளியாகப் பதிக்க வேண்டியிருப்பதால், எழுதும் வேகத்தைக் கூட்டுவதே இதில் பெரிய சவால்.