ஹிட்லரும் பச்சைத் தேயிலையும்

கேள்வி: விலைவாசி தாறுமாறாக ஏறியதால்தான் ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். கஷ்டம் வந்தாலே ஜனங்கள் வெறிபிடித்த கட்சி பக்கம் போய்விடுவார்களா?
- ஒரு வாசகி, கட்டபெட்டு

பதில்: விலை ஏறியது 1923-ல், அம்மா. ஒரு ரொட்டி ஆயிரக்கணக்கான கோடி மார்க் விற்ற அந்த வருடம் ஹிட்லர் ம்யூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்து, ஜெயிலுக்குத்தான் போனார். 1928 தேர்தலிலும் அவர் கட்சிக்கு 2.6 சதவீதம்தான். 1930-ல் 18.3, 1932 ஜூலையில் 37.3. இந்த நான்கு வருடத்தில் விலைகள் சரிந்துகொண்டிருந்தன. அறுபது லட்சம் பேருக்கு வேலை இல்லை. அரசாங்கமோ சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டே போனது.

விலை சரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2000 வாக்கில் பச்சைத் தேயிலை கிலோ நான்கைந்து ரூபாய்க்கு இறங்கியபோது பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. என் பக்கத்துத் தோட்டத்தில் பறிக்காமல் விட்ட செடி ஆளுயரம் வளர்ந்து நின்றது. வாங்கிய கடன் மட்டும் குறையவில்லை. வட ஜெர்மனியில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் பன்றியும் மாடும் வளர்த்த சிறு விவசாயிகளுக்கும் இதே கதிதான். நிலம் ஜப்திக்குப் போனது. 1932-ல் அங்கே நாஜிகளுக்கு 51 சதவீதம்! வேலை போன ஆலைத் தொழிலாளர்களோ கம்யூனிஸ்டுகள் பக்கம்தான் அதிகம் போனார்கள். இருப்பதும் போய்விடுமோ என்று பயந்த சிறு விவசாயியும் கடைக்காரரும்தான் ஹிட்லரிடம் சாய்ந்தார்கள். அவர் யூதர்களைக் கைகாட்டினார்.

கைகாட்ட ஆள் எங்கேயும் கிடைக்கும். போன மாதம் கோத்தகிரி டீக்கடையில் ஒருவர், "வடக்கத்திப் பசங்க வந்துதான் நம்ம பொழப்பு கெட்டுச்சு" என்றார். 1964-ல் இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பம் அவருடையது. அவர் அப்பாவைப் பற்றியும் இங்கே இதையேதான் பேசினார்கள். குன்னூர் தேயிலை ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

சரி, கஷ்டம் வந்தாலே அப்படித்தானா? இல்லை. அமெரிக்காவிலும் அதே பஞ்சம்தான். அங்கே 1932-ல் ஜெயித்தது ரூஸ்வெல்ட். ஜெர்மனியிலும் அந்த நவம்பரில் ஹிட்லரின் ஓட்டு 33 சதவீதமாக இறங்கியிருந்தது. அப்புறம்தான் முன்னாள் பிரதமர் பாப்பென் முதலான பெரிய மனிதர்கள், ஆளை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, ஜனாதிபதியாக இருந்த கிழவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார்கள். 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதமர், பாப்பென் துணைப் பிரதமர். ஒன்றரை வருடத்தில் பாப்பெனின் பதவி பறிபோய், வியன்னாவுக்குத் தூதராக மூட்டை கட்டினார்.