உணவு வழியாகப் பரவும் பாக்டீரியா எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆய்வகத்தில் கிருமி பிடிபடுவது பாதி வேலைதான். அது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்பதே பெரும் தலைவலி. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஓ104:எச்4 வகை பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது. பாவம், அந்த விவசாயிகள்!

உண்மையான காரணம் முளைகட்டிய விதைகள். ஆனால் சாலட்டின் மேல் தூவியிருந்த அந்த முளைகளை நோயாளிகளில் பலர் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆகவே ஓர் உணவகத்தின் ஆர்டர் விவரங்களை எடுத்துக்கொண்டு, எந்த உணவில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சமையல்காரரையே கேட்டார்கள். நோயுற்ற அனைவரின் தட்டிலும் முளை போயிருந்தது. பிறகு பிரான்சின் போர்தோ அருகிலும் அதே கிருமி தென்பட்டது. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக நின்றது முளைகட்டுவதற்காக எகிப்திலிருந்து வந்த வெந்தயம். சோதித்த விதைகளில் கிருமி சிக்கவே இல்லை; கொள்முதல் ஆவணங்கள்தான் காட்டிக்கொடுத்தன.