கனம் இல்லை என்றால் சான்றிதழ்க் கட்டைப் பெரிதாக்க வேண்டாம்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். உயர்தரம் முடித்த மகள் நுவரெலியாவில் ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பித்தாள். அவள் இணைத்த ஆங்கில டிப்ளோமா 'கேரீஸ் நோ வெயிட் வித் அஸ்' என்று பதில் வந்திருக்கிறது. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்த கடைக்காரர், "பைலில் கனம் போதாதாம், இன்னும் இரண்டு சான்றிதழ் சேர்த்தால் சரி" என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அம்மா. அங்கே 'வெயிட்' என்பது தாளின் பாரம் அல்ல, மதிப்பு. "இந்தச் சான்றிதழ் எங்களிடம் எடுபடாது" என்பதுதான் பொருள். மனுவில் 'கனம் ஐயா' என்று எழுதுகிறோமே, அந்தக் கனம்தான் இது. மழை நாளில் தேயிலைக் கொழுந்து எவ்வளவு பாரமாக இருந்தாலும், தண்ணீருக்கும் சாக்குக்கும் கழித்துவிட்டுத்தானே கிலோ எழுதுகிறார்கள்? (அநியாயமாகக் கழிப்பது வேறு வழக்கு.) கடைக்காரர் எடுத்துத் தரும் இரண்டும் அப்படிக் கழிபடும் ஈரம்தான். எழுத்துப் புரியாதவரின் பயத்தை விலை பேசும் இந்த வியாபாரம் நம் ஊர்களில் பெருகிவிட்டது. பரீட்சையே வைக்காமல் டிப்ளோமா தருகிறவரிடம் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

பேச்சு, கடிதம், சாட்சி, அனுபவம் எல்லாவற்றுக்கும் இந்தத் தொடர் பொருந்தும். தோட்டத்தில் தலைவர் சொன்னால் எடுபடும் என்கிறோம். அவர் வார்த்தை 'கேரீஸ் வெயிட்'.

ஒன்றை மட்டும் மகள் நன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'புல் யுவர் வெயிட்' என்பது வேறு. படகு வலிப்பவர்களிடமிருந்து வந்தது. உன் பங்கு வேலையை நீ செய் என்று பொருள். நாளை வேலையிடத்தில் மேற்பார்வையாளர் "யூ ஆர் நாட் புல்லிங் யுவர் வெயிட்" என்றால், அவள் மெலிந்துவிட்டாள் என்றோ, அவள் சொல் எடுபடவில்லை என்றோ அர்த்தமில்லை. மற்றவர்கள் அவள் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள் என்ற கண்டிப்பு அது. சிரித்துக்கொண்டு "தேங்க்யூ" சொல்லிவிடக் கூடாது. என் மாணவி ஒருத்தி சொல்லிவிட்டு, அன்று மாலை அழுதுகொண்டு வந்தாள்.

ஹோட்டல் தனியார் நிறுவனம், எந்த மொழியிலும் எழுதட்டும். ஆனால் தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்ன பிறகும், தமிழில் வராத அரச அலுவலகக் கடிதத்துக்கே பொருள் கேட்டு நம் தாய்மார் பஸ் ஏறுகிறார்கள். இதை இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?

ஹோட்டல் எழுதிய வரியின் கடைசிச் சொற்களையும் பாருங்கள்: 'வித் அஸ்', அதாவது எங்களிடம். எந்தச் சான்றிதழ் உங்களிடம் எடுபடும் என்று ஹோட்டலுக்கே எழுதிக் கேட்கலாம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைத்த பெறுபேற்றையும் இணையுங்கள். புதிதாகப் படிப்பதானால், அந்த நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருமா என்று பணம் கட்டுமுன் விசாரியுங்கள். ஹோட்டலுக்கான கடிதத்தை மகளே தன் கையால் எழுதட்டும்.