ஆண்ட்ரூ லாயிட் வெப்பரைப் பிடிக்காத மகள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். என் மகளுக்கு 15 வயது. கொஞ்ச காலமாக அவளுக்கு பிராட்வே மியூசிக்கல், அதாவது நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் போடும் பாட்டு நாடகப் பைத்தியம் பிடித்திருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பிக்கும் பாட்டு ராத்திரி வரை ஓயாது. வர்ணம் வரை வந்த கர்நாடக சங்கீத வகுப்பை நிறுத்திவிட்டாள். அதுகூடப் போகட்டும். இதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்கு வருகிறாள். சோன்ட்ஹைம் என்று ஒருவர், அவர்தான் கடவுளாம். சினிமாவாக எடுத்ததெல்லாம் குப்பையாம். சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா, முன்பு ஒருமுறை வந்தபோது 'ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பெரா' பார்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள், "அது சரவிளக்கு விழுறதைப் பார்க்க வர்றவங்களுக்கான ஷோ தாத்தா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். பள்ளி மியூசிக்கலில் கூட்டத்தோடு பாடும் வேஷம்தான் கிடைத்தது என்று அழுது தீர்த்தாள். கல்லூரியிலும் இதையேதான் படிப்பாளாம். என் கணவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். கண்டிப்பதா, விட்டுப்பிடிப்பதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சித்தப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் சுலபம். ஒரு பெரியவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் முன்னால் அவர் முகம் சுருங்கும்படி பேசியது தப்பு. போன் போட்டு, "அப்படிப் பேசியிருக்கக் கூடாது தாத்தா" என்று சொல்லச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஃபேண்டம் நல்ல ஷோதான் என்று அவள் வாயால் ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்காதீர்கள். அது நடக்காது, நடந்தாலும் பொய்யாக இருக்கும்.

இனி அந்தக் கருத்துக்கு வருவோம். அதை அவளாகக் கண்டுபிடித்த திமிர்ப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். மியூசிக்கல் ரசிகர்களுக்குள் பல காலமாக நடக்கிற கட்சிச் சண்டை அது. ஒரு பக்கம் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர்: எவிட்டா, கேட்ஸ், ஃபேண்டம். பெரிய மெட்டு, பெரிய செட், ரசிகர்கள் தலைக்கு மேலிருந்து மேடையை நோக்கிப் பாய்ந்து வரும் சரவிளக்கு. இன்னொரு பக்கம் இசையோடு பாட்டு வரியும் எழுதிய ஸ்டீவன் சோன்ட்ஹைம்: கம்பெனி, ஸ்வீனி டாட், இன்டு தி வுட்ஸ். வீட்டுக்குத் திரும்பும்போது முணுமுணுக்க மெட்டு சட்டென்று சிக்காது. ஆனால் ஒரே பாட்டுக்குள் அந்தப் பாத்திரம் இரண்டு மூன்று தடவை மனசு மாறியிருக்கும். 15 வயதில் ஒரு பெண் இந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறாள் என்றால், பாட்டின் வரியைக் கவனித்துக் கேட்கிறாள் என்று அர்த்தம். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் பிறந்தநாள் ஒன்றுதான், மார்ச் 22. சோன்ட்ஹைம் பிறந்தது 1930இல், லாயிட் வெப்பர் 1948இல். (எனக்கு ஃபேண்டம் பிடிக்கும். இதை உங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம்.)

அவள் கருத்தோடு மோத ஆசையிருந்தால் தாராளமாக மோதுங்கள், ஆனால் விஷயத்தோடு மோதுங்கள். ஃபேண்டம் 1988 ஜனவரியில் பிராட்வேயின் மெஜெஸ்டிக் தியேட்டரில் தொடங்கி, 2023 ஏப்ரலில்தான் முடிந்தது. அதே தியேட்டரில் 13,981 காட்சிகள். சரவிளக்கு ஒன்றுக்காகவா இத்தனை வருடம் கூட்டம் வந்தது என்று கேளுங்கள். 'லே மிசரபிள்' என்ற மியூசிக்கல் 1985இல் லண்டனில் வந்தபோது விமர்சகர்களில் பெரும்பாலோர் அதைப் போட்டுத் தாளித்தார்கள். ஜனங்கள் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள், லண்டனில் இன்றும் அது ஓடுகிறது. அவளுடைய கடவுளுக்கும் அடி விழுந்திருக்கிறது. சோன்ட்ஹைமின் 'மெரிலி வி ரோல் அலாங்' 1981இல் பிராட்வேயில் தொடங்கி 16 காட்சிகளோடு படுத்துவிட்டது. அதே நாடகம் 2023இல் மறுபடி வந்தபோது டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடானது. 2024இல் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதும் (பிராட்வே நாடகங்களுக்குத் தரும் விருது) வாங்கியது. அதைப் பார்க்க சோன்ட்ஹைம் இல்லை, 2021 நவம்பரில் போய்விட்டார். தோற்றதும் ஜெயித்ததும் ஏறக்குறைய ஒரே நாடகம். நடுவில் என்ன மாறியது என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவாள், அதில் பாதி உங்களுக்குப் புரியாமல் போனாலும் பரவாயில்லை.

இன்னொரு சங்கதியும் கையில் இருக்கட்டும். ஏ.ஆர். ரகுமானை மியூசிக்கல் மேடைக்கு அழைத்துப்போனவரே அந்த லாயிட் வெப்பர்தான். அவர் தயாரித்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002இல் லண்டனிலும் 2004இல் பிராட்வேயிலும் மேடையேறியது. முதல்வன் படத்து ஷக்கலக்க பேபி அதில் ஆங்கிலத்தில் வந்தது. பிராட்வேயில் ஒரு வருடம்கூடத் தாண்டவில்லை என்று உங்கள் மகள் உடனே திருப்பிக் கொடுப்பாள். கொடுக்கட்டுமே.

சரி, உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதுதான். கருத்து சொல்கிற இந்த வயதுப் பிள்ளையை அடக்கியும் பிரயோசனமில்லை, "எங்க பொண்ணு எப்படிப் பேசறா பாருங்க" என்று தலையில் தூக்கி வைத்தும் பிரயோசனமில்லை. அவள் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை முகத்துக்காகப் புகழாமல் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இதற்கு சோன்ட்ஹைமின் கதையே இருக்கிறது. உங்கள் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் நடந்தது. பெற்றோர் பிரிந்தபின் அம்மாவோடு இருந்த பையன். அவர்கள் இருந்த இடத்துக்கு அருகே, டாயில்ஸ்டவுனில் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வசித்தார். 'ஓக்லஹோமா' எழுதிய அதே ஹாமர்ஸ்டைன். அவர் மகன் இவனுக்கு நண்பன். ஏறக்குறைய உங்கள் மகளின் வயதில் இவன் தன் பள்ளியை வைத்து ஒரு மியூசிக்கல் எழுதினான். பிராட்வேயே தனக்காகக் காத்திருக்கிறது என்று நினைப்பு. ஹாமர்ஸ்டைனிடம் நீட்டி, "என்னை யாரென்றே தெரியாத மாதிரி படித்துச் சொல்லுங்கள்" என்றான். அப்படியானால் நான் படித்ததிலேயே மோசமானது இதுதான் என்றார் அவர். பையன் முகம் விழுந்ததைப் பார்த்து, திறமை இல்லை என்று சொல்லவில்லை, மோசம் என்றுதான் சொன்னேன், ஏன் என்று தெரிய வேண்டுமா என்று கேட்டு உட்கார வைத்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு காட்சியாக, ஒவ்வொரு பாட்டாக, எது ஏன் நிற்கவில்லை என்று அன்று மதியம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். பலர் வாழ்நாள் முழுக்கக் கற்பதைவிட அந்த ஒரு மதியத்தில் அதிகம் கற்றேன் என்று சோன்ட்ஹைம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு ஹாமர்ஸ்டைன் விடவில்லை, நாலு மியூசிக்கல் எழுதிவா என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். முதலாவது, நீ மெச்சுகிற ஒரு நாடகத்தை எடுத்து எழுது. இரண்டாவது, உனக்குப் பிடித்திருந்தும் குறையிருப்பதாகத் தோன்றும் நாடகத்தை எடுத்து அந்தக் குறையைச் சரிசெய். மூன்றாவது, நாடகமாக வராத ஒரு நாவலையோ சிறுகதையையோ எடு. நாலாவதுக்குக் கதையும் உன்னுடையதாக இருக்க வேண்டும். பையன் அதைச் செய்து முடிக்கச் சில வருடங்கள் ஆயின. 27 வயதில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்குப் பாட்டு எழுதியவனாகப் பெயர் வாங்கினான்.

உங்கள் மகளுக்கு அந்த இரண்டாவது பாடம் கச்சிதமாகப் பொருந்தும். குப்பை என்று அவள் தள்ளிய ஒன்றை எடுக்கட்டும். முழுதாக வேண்டாம், ஒரே ஒரு காட்சி. பாட்டு எந்த இடத்தில் தொடங்க வேண்டும், வசனம் எங்கே போதாமல் போய் பாட்டாக மாறுகிறது, பாட்டு முடியும்போது அந்தப் பாத்திரம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று எழுதிப் பார்க்கட்டும். இரண்டு பக்கம் எழுதியதும் லாயிட் வெப்பர் மேல் அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வரலாம். படித்துச் சொல்வதற்குப் பள்ளியில் நாடக ஆசிரியரோ ஆங்கில ஆசிரியரோ இருப்பார். நீங்களும் படியுங்கள், ஆனால் மார்க் போடாதீர்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளின் பைத்தியத்தால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் கணவர் கேட்டால், உங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. ரெட் பேங்க் ஊரில் உள்ள டூ ரிவர் தியேட்டரில் 2015இல் 'பி மோர் சில்' என்று ஒரு மியூசிக்கல் போட்டார்கள். விமர்சனம் சுமார், ஒரு மாதத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். அதன் பாட்டுகள் இணையத்தில் பிள்ளைகள் கையில் கிடைத்தன. அவர்கள் கேட்டார்கள், படம் வரைந்தார்கள், பாடிப் பாடிப் பதிவேற்றினார்கள். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டு, 2018இல் நியூயார்க்கில் மறுபடி மேடையேறி, 2019இல் பிராட்வேக்கே போனது. ஆகஸ்டில் அங்கேயும் முடிந்துவிட்டது, அது வேறு. செத்துப்போன ஒரு ஷோவைப் பள்ளிப் பிள்ளைகள் எழுப்பி உட்கார வைத்தார்கள்.

என்சாம்பிள், அதாவது கூட்டத்தோடு பாடும் வேஷம் கிடைத்ததற்கு அழுததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழட்டும். ஒன்று மட்டும் அவளிடம் கேளுங்கள்: ஸ்விங் என்றால் யார்? அவளுக்குத் தெரியாமல் இருக்காது. என்சாம்பிளில் உள்ள பல பேரின் பாட்டு, நடனம், மேடையில் யார் எந்தப் பக்கம் நகர்வது என்பது வரை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்று மாலையே இறங்குகிறவர்கள். பிராட்வேயில் ஷோ ரத்தாகாமல் ஓடுவது அவர்களால்தான். மேடை ஓரத்தில் நின்று மொத்த நாடகத்தையும் பார்க்கும் வாய்ப்பு கதாநாயகிக்குக் கிடைக்காது, இவளுக்குக் கிடைத்திருக்கிறது.

டிக்கெட் செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எடிசனில் இருந்துகொண்டு அது வராமல் இருக்காது. முழு விலை கொடுக்காதீர்கள். 'ரென்ட்' என்ற மியூசிக்கல் 1996இல் முதல் இரண்டு வரிசைகளை 20 டாலருக்குக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, அன்றைக்கன்று தரும் ரஷ் டிக்கெட்டும் லாட்டரியும் பழக்கமாகிவிட்டன. 'ஹாமில்டன்' லாட்டரி 10 டாலருக்குத் தொடங்கியது. பல லாட்டரிகளில் 18 வயது ஆனவர்தான் பெயர் கொடுக்க முடியும், ஆகவே உங்கள் போனில் போடுங்கள். டைம்ஸ் ஸ்கொயரில் டிகேடிஎஸ் கவுன்டர் இருக்கிறது, அங்கே அன்றைய காட்சிக்குத் தள்ளுபடியில் கிடைக்கும். வருடத்தில் இரண்டு ஷோவாவது அவளோடு நீங்களும் போய்ப் பாருங்கள். அம்மா ஏதாவது ஒரு பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தால், "குப்பை" என்கிற சொல்லைக் கொஞ்சம் யோசித்து எடுப்பாள்.

கடைசியாகக் கல்லூரி. இதில் மட்டும் உங்கள் கணவர் பக்கமும் நியாயம் உண்டு. மியூசிக்கல் தியேட்டருக்கென்றே உள்ள பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) படிப்புக்கு மிச்சிகன், கார்னகி மெலன் போன்ற இடங்களில் ஆண்டுக்கு எடுப்பது ஒரு சின்ன வகுப்பறை அளவு ஆட்களைத்தான். 12ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே பாடியும் நடித்தும் ஆடியும் வீடியோ அனுப்ப வேண்டும், அதில் தேறினால்தான் ஆடிஷன் என்ற அடுத்த கட்டத் தேர்வு. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று அவளும் நினைக்க வேண்டாம், நீங்களும் பயப்பட வேண்டாம். 'ஹாமில்டன்' எழுதிய லின் மானுவல் மிராண்டா படித்தது வெஸ்லியன் என்ற பொதுவான கல்லூரியில். அங்கே இரண்டாம் ஆண்டில் எழுதத் தொடங்கியதுதான் 'இன் தி ஹைட்ஸ்'. இதை இப்போதே முடிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. 11ஆம் வகுப்பு முடியும்போதும் அவள் இதே பிடியில் நின்றால் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது, நல்ல குரல் ஆசிரியர் ஒருவரைப் பார்ப்பது. வர்ணம் வரை பாடியது வீண் போகாது. சுருதியும் தாளமும் ஏற்கெனவே அவளிடம் இருக்கின்றன, கேட்டதைத் திருப்பிப் பாடும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் பிராட்வே பாட்டில் உச்சத்தில் கணீரென்று எடுக்கும் 'பெல்ட்டிங்' வேறு பயிற்சி. வீட்டில் ரெக்கார்டைக் கேட்டுத் தொண்டையை அழுத்திக் கத்திப் பழகினால் குரல் கட்டிக்கொள்ளும், வளர்கிற வயதில் அது ஆகாது. காலையில் அவள் குரல் கரகரக்கிறதா, பாடியபின் தொண்டை வலிக்கிறது என்கிறாளா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் இந்தக் கோடைக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே ஆசிரியரைத் தேடுங்கள்.