இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பின் எந்த இணைப்பு நல்லது: பில்ரோத்தா, ரூ-என்-ஒய்யா?

உங்கள் தந்தைக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருப்பதாகவும், மூன்றில் இரண்டு பங்கை அகற்றிவிட்டு ரூ-என்-ஒய் முறையில் குடலை இணைக்கப்போவதாக மருத்துவர் சொன்னதாகவும், இதே நோய்க்கு அறுவை செய்துகொண்ட உறவினர் ஒருவருக்கு பில்ரோத்-2 செய்யப்பட்டதால் இவற்றில் எது சிறந்தது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரைப்பை, குடல் அறுவைத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். புற்றுநோய் திரும்பி வருமா என்பதை இந்த இணைப்பு முறைகள் தீர்மானிப்பதில்லை. கட்டியைச் சுற்றிப் போதிய அளவு நல்ல திசுவோடு எடுத்தார்களா, நிணநீர் முடிச்சுகளை முறையாக அகற்றினார்களா, நோய் எந்த நிலையில் இருந்தது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. இணைப்பு முறையால் மாறுவது அதற்குப் பிந்தைய வாழ்க்கை. அதிலும் முக்கியமாக, பித்தநீர் எந்த வழியாகப் போகிறது என்பது.

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடோர் பில்ரோத் புற்றுநோய்க்காக இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். (சென்னையில் மருத்துவமனைப் பெயராகக் கேட்டுப் பழகிய அதே பெயர்தான்.) எஞ்சிய இரைப்பையை அவர் நேரடியாக முன்சிறுகுடலோடு இணைத்தார், இதுவே பில்ரோத்-1. உணவு இயற்கையான பாதையிலேயே செல்வதும், தையல் இடம் ஒன்றே ஒன்றாக இருப்பதும், பிற்காலத்தில் எண்டோஸ்கோப்பி செய்வது எளிதாக இருப்பதும் இதன் பலங்கள். ஆனால் இரண்டு முனைகளும் இழுவிசையின்றி ஒன்றையொன்று எட்ட வேண்டும். கட்டி பெரிதாக இருந்து அதிகம் வெட்டவேண்டி வந்தால் அது நடக்காது. வலிந்து இழுத்துத் தைத்தால் கசிவு ஏற்படும் அபாயம் உண்டு.

1885இல் பில்ரோத் செய்த இரண்டாவது முறை திட்டமிட்டுப் பிறந்ததல்ல. மிகவும் நலிந்திருந்த நோயாளி ஒருவருக்கு அடைப்பைத் தாண்டி இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பதோடு நிறுத்திக்கொள்ள நினைத்தவர், நோயாளி தாங்கிக்கொண்டதைக் கண்டு கட்டியையும் அகற்றி, முன்சிறுகுடலின் முனையை மூடினார். உங்கள் உறவினருக்குச் செய்யப்பட்டது இதன் வழிவந்த முறையே. எவ்வளவு வெட்டினாலும் சிறுகுடலின் ஒரு வளைவை மேலே கொண்டுவந்து இணைத்துவிடலாம், விரைவாக முடியும். குறை என்னவென்றால், பித்தநீரும் கணையநீரும் எஞ்சிய இரைப்பையின் இணைப்பு வாயைக் கடந்தே சென்றாக வேண்டும் என்பதால் இரைப்பையில் அழற்சி, கசப்பு வாந்தி, நெஞ்செரிச்சல் ஆகியவை தொடரக்கூடும். வளைவின் இரு கால்களுக்கிடையே பிரவுன் இணைப்பு என்ற இன்னொரு வாசலைத் திறந்தால் பித்தநீரில் ஒரு பகுதி குறுக்கு வழியில் போய்விடும். தொல்லை குறையும், முழுதாக நீங்காது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சேசார் ரூ என்ற அறுவை மருத்துவர் 1890களில் பரப்பிய ரூ-என்-ஒய் முறை இதற்கு நேரடியான தீர்வு. சிறுகுடலை வெட்டி, கீழ்முனையை இரைப்பையோடும், பித்தநீர் வரும் மேல்முனையை அதற்கு ஏறத்தாழ 40 முதல் 60 செ.மீ. கீழேயும் இணைக்கிறார்கள். ரூ கால் எனப்படும் அந்த நீளம்தான் பித்தநீர் மேலேறாமல் காக்கிறது. அதற்கு விலையும் உண்டு: இரண்டு இணைப்புகள், கூடுதல் நேரம், சிலருக்கு ரூ காலில் உணவு தேங்கி வயிறு உப்புதல், குடல் நழுவிச் சிக்கக்கூடிய புதிய இடைவெளிகள். அந்த இடைவெளிகளைத் தைத்து மூடுவீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

ஜப்பானில் 332 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து பில்ரோத்-1ஐயும் ரூ-என்-ஒய்யையும் ஒப்பிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் எடைக்குறைவு முறையே 9.1, 9.7 விழுக்காடாக இருந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதே இணைப்புகளைச் செய்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் அந்த நோயாளிகளைப் பார்த்துவரும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. சாப்பாட்டின் அளவைத் தீர்மானிப்பது எவ்வளவு இரைப்பை எஞ்சியது என்பதே. ஆகவே நீண்டகால வாழ்வுக்கு நல்ல வாய்ப்புள்ளவருக்கு, எஞ்சும் இரைப்பை சிறிதாக இருந்தால், நான் ரூ-என்-ஒய்யையே விரும்புகிறேன். முதுமையும் பிற நோய்களும் சேர்ந்து, மயக்கத்தில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டியவருக்கு பில்ரோத்-2 நியாயமான தேர்வு; உங்கள் உறவினரின் மருத்துவர் தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

இரைப்பை முழுவதையும் எடுக்க நேர்ந்தால் பெரும்பாலும் உணவுக்குழாயை ரூ-என்-ஒய் முறையில் சிறுகுடலோடு இணைப்பார்கள். வைட்டமின் பி12 உறிஞ்சப்படத் தேவையான புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது என்பதால் அப்படி முழுதும் எடுக்கப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் பி12 எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படும், அதற்குள் பலர் ஊசியை விட்டுவிடுகிறார்கள். கட்டி மேல்பகுதியில் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, கீழ்ப்பகுதியைக் காப்பாற்றி உணவுக்கு இரண்டு வழிகள் விடும் இரட்டைப் பாதை இணைப்பு கொரியாவிலும் ஜப்பானிலும் பரவலாகியிருக்கிறது. அவர்களுக்கு பி12 தேவை வெகுவாகக் குறைகிறது.

உங்கள் தந்தைக்கு எந்த இணைப்பைச் செய்தாலும், இரைப்பையின் மடைவாய் போன்ற பைலோரஸ் தசை போய்விடும். உணவு மொத்தமாகக் குடலுக்குள் இறங்கும்போது, அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றலாம். உடம்பு தேறட்டும் என்று நம் வீடுகளில் அன்போடு கொடுக்கும் சர்க்கரைக் கஞ்சியும் பழச்சாறும் குளூக்கோஸ் தண்ணீரும் இதைத் தூண்டுவதில் முதலிடம் பிடிப்பவை. நாளுக்கு ஆறு வேளையாகச் சிறிது சிறிதாகச் சாப்பிடுவதும், முட்டை, மீன், பருப்பு போன்ற புரதத்தைச் சேர்ப்பதும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பதும் பெரும்பாலானோருக்குப் போதுமானவை. ரூ-என்-ஒய்யிலும் பில்ரோத்-2இலும் உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் செல்வதால் இரும்புச்சத்து, கால்சியம் அளவுகளையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

இந்த அறுவைக்குப் பின் பித்தப்பைக் கற்கள் சற்று அதிகமாக உருவாகின்றன. ஒரு கல் பித்தக்குழாயில் அடைத்தால் வழக்கமாக வாய்வழிக் குழாய் செலுத்தி எடுப்பார்கள். ரூ-என்-ஒய் செய்தவருக்கு அந்த வழி நீளமாகவும் திருப்பமாகவும் இருப்பதால் சிறப்புக் கருவி தேவைப்படும். ஆகவே வெளியேறும்போது தரப்படும் சுருக்க அறிக்கையில் இணைப்பு முறையின் பெயரும் ரூ காலின் நீளமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அதன் படி ஒன்றை உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.